பிளேனில் டீ ஊற்றியவன்

“பிளேன்ல டீ ஊத்தப் போனதுக்கு, போடி பஸ் ஸ்டாண்டுல ஊத்தியிருந்தா உசுராவது இருந்திருக்கும்” என்றார் ஜீப் ஓட்டும் ஜக்கையன். துக்க வீட்டுப் பந்தலில் இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிரபாகரன் காதில் அது விழுந்தது. கார்த்தியின் உடலோடு வடக்கேயிருந்து குரங்கணிக்கு வந்தவன் அவன். கூட வேலை பார்த்தவன் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

கார்த்தியின் அப்பா பால்பாண்டி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார். சுவரோரம் போட்டு, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். “இங்கன உக்காருங்க தம்பி. கார்த்தி வந்தா இப்பிடித்தான் உக்காருவான். நீங்களும் டீதான் ஊத்துறீகளா?”

“ஆமாங்கய்யா.”

பொய். கார்த்தியும் அவனும் யாருக்கும் டீ ஊற்றியதில்லை. பயணிகளோடு பயணியாக, சட்டைக்குள் துப்பாக்கியோடு விமானத்தில் போகிற காவலர்கள். பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது. காவலன் யார் என்று தெரிந்துவிட்டால், கடத்த வருகிறவனின் முதல் தோட்டா அவனுக்குத்தான்.

பறக்காத பழைய விமானம் ஒன்றில் பயிற்சி. பொம்மைப் பயணிகளுக்கு நடுவே ஒரே ஒரு பொம்மையைச் சுட வேண்டும். பக்கத்துப் பொம்மையின் காதை உரசினாலும் தோல்வி. யாராவது மயங்கி விழுந்தால், விழுந்தவனைப் பார்க்கக் கூடாது. மற்றவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும். தன்னுடைய வலது கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

முந்தாநாள், நிஜத் தோட்டாக்களோடு நடந்த பயிற்சியில், சக காவலர் சுடும்போது பிரபாகரன் ஒரு நொடி முன்னால் எழுந்து குறுக்கே வந்துவிட்டான். கார்த்தி அவனைத் தள்ளிவிட்டான். அவன் வாங்க வேண்டிய குண்டைக் கார்த்தி வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போன தகவல் வேறு: லாரி மோதி இறந்துவிட்டார்.

“தொழில்ல கெட்டிக்காரன் தம்பி” என்றார் பால்பாண்டி. “போன லீவுல ஏலக்கா ஸ்டோர்ல மூட்டைகள ரெண்டு வரிசையா போட்டு, என்னையும் அவங்காத்தாளையும் உக்கார வச்சான். நடுச்சந்துல டீத் தட்டோட நடந்தான். எல்லாம் எடது கைதான். ஒரு சொட்டு சிந்தலையே!”

“டீ ஊத்துறதுக்கு ஒத்திகை பாத்த மொத ஆளு ஒம்மவன்தாண்ணே” என்றார் ஜக்கையன்.

வீட்டுக்குள் கார்த்தியின் அம்மா ராக்குவுக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது. பிரபாகரன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

உடலைக் குளிப்பாட்டும் நேரம் வந்தது. சுற்றிலும் வேட்டியைத் திரையாகப் பிடிக்கப் பங்காளிகள் எழுந்தார்கள். பால்பாண்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

“லாரி அடிச்ச ஒடம்புய்யா. யாரும் பாக்க வேணாம். உள்ள கொண்டாந்து போடுங்க, நானே தண்ணி ஊத்திக்கிறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் கழித்துத்தான் திறந்தார். மகனின் கழுத்துவரை புது வேட்டியை இறுக்கிச் சுற்றியிருந்தார். எல்லோரும் எதிர்பார்த்தார்கள், ஆனால் அவர் அழவில்லை.

ஆற்றோரம் எரியூட்டிவிட்டு, கொட்டகுடி ஆற்றில் தலைமுழுகிக் கரையேறினார்கள். ஜக்கையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“தேவாரத்துல அந்த ராணுவத்துப் பய செத்தப்ப என்னா மரியாத! கொடியப் போத்தி, வானத்தப் பாத்து சுட்டாக. சாவுன்னா அப்பிடிச் சாகணும். நம்ம பய லாரில அடிபட்டு... ம். இவனுக்கு என்னண்ணே இருக்கு?”

“ஒண்ணுமில்லதான்யா” என்றார் பால்பாண்டி, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே.

பிரபாகரனால் அதற்கு மேல் முடியவில்லை. வேலை போனால் போகட்டும். தன் உயிரைக் காப்பாற்றியவனை ஊர் இப்படிப் பேச, அவன் அப்பாவே தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைப் பாறை மறைவுக்கு இழுத்துப்போனான்.

“அய்யா, எல்லாரையும் கூப்பிடுங்க. நான் ஒரு உண்மையச் சொல்லணும். கார்த்தி டீ ஊத்துறவன் இல்ல. அவன்...”

பால்பாண்டியின் ஈரக் கை அவன் வாயை மூடியது.

“லாரி மோதுனா, சுண்டுவெரலு நொழையிற ஓட்டையா தம்பி விழும்?”

பிரபாகரன் இடது கையால் பாறையைப் பிடித்துக்கொண்டான்.

“என்னண்ணே, அந்தத் தம்பி என்ன சொல்றாப்ல?” என்று கரையிலிருந்து கத்தினார் ஜக்கையன்.

பால்பாண்டி திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார். “எம்மவன் மாதிரி டீ ஊத்த அங்க ஆளே இல்லையாம்யா!”

கரையில் யாரோ சிரித்தார்கள். அவர் பிரபாகரனின் வலது கையைப் பிடித்து, அதில் அவன் இறுக்கிவைத்திருந்த ஈரத் துண்டை வாங்கிக்கொண்டார்.

“நீங்க இன்னும் பறக்கணும்ல, தம்பி.”