நூற்றுக்குப் பிறகு

நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டர் மூன்று நாளாக, போட்டதும் டிஸ்கைத் தேடுவதாகத் திரையில் சொல்லும் வரியிலேயே நின்றுபோய்க்கொண்டிருந்தது. நான் நூறு வரை எண்ணிவிட்டு அணைத்து, மறுபடி போடுவேன். இரண்டு நாள் மட்டும் உயிரோடிருந்த ஒரு பெண் குழந்தையின் ஒரே படம் அதற்குள் இருந்தது. குழந்தையின் அம்மா அஞ்சலை காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "மொகம் மறந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார்.

பழுது பார்க்க வந்த மெஹருன்னிசா அக்கா ஸ்குரூடிரைவரின் முனையை டிஸ்கின் மேல் ஊன்றி, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று பிடியில் காதை வைத்தார். "யாரு இத அணைச்சு அணைச்சுப் போட்டது?"

"இவதான். நூறு எண்ணுவா, அணைப்பா. பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது அம்புட்டுதான்" என்று முதலாளி என்னைக் காட்டிச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "உள்ள டிஸ்க எழுப்புற கார்டு ஒண்ணு, அதப் பாத்து 'இருக்கியா'ன்னு கேக்குது. டிஸ்குக்கு வயசாயிடுச்சு, பதில் சொல்ல நேரமாகுது. அது வாயத் தொறக்கும்போதெல்லாம் நீ அணைச்சிருக்க. இனி யாரும் தொடாதீங்க."

நான் எண்ணினேன். நூறு தாண்டியது. ஆயிரம் தாண்டியது. நாலாயிரத்துச் சொச்சத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். திரையில் அடுத்த வரி வந்தது. அக்கா அந்தப் படத்தைத் தேடித் திறந்தார்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. பச்சைத் துணி, ஈரமான முடி, நெற்றி. அங்கே நின்றுவிட்டது. முதலாளியின் கை சுவிட்சை நோக்கிப் போனது. அஞ்சலை எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்கண்ணே. அவ மெதுவா வரட்டும்."

நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.