பங்காருவின் புரொப்பெல்லர்

தொண்ணூற்றாறில், பெரியநாயக்கன்பாளையத்து மில் முதலாளி பங்காரு தன் பழைய குடோனில் ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மரத்தில் புரொப்பெல்லர் செய்யும் வேலை பிரான்சிஸுக்கு வந்தது. இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்கு மர அச்சு செய்து கொடுப்பவர் அவர். எந்தச் சாய்வில் இழைத்தால் காற்று பிடிபடும் என்று லைப்ரரியில் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, எட்டு மாதத்தில் பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று என இரண்டு செய்துகொண்டு வந்தார்.

பங்காரு பெரியதைச் செருப்பு நுனியால் தொட்டுக் காட்டினார். "இதுதான் ஜோரா இருக்குது. மாட்டு."

"ஏனுங்க மொதலாளி, அது கை பழகறதுக்குச் செஞ்சதுங்க. விரிசல் உட்டுப்போச்சு. சின்னதுதான் பறக்கறதுக்குத் தோதானதுங்க."

"அது குச்சியாட்ட இருக்குது. மரம் அறுக்கறவன் எனக்குப் பாடம் நடத்தாதே."

"மேல போயி ஒடஞ்சா உசுரே போயிருமுங்க!" பிரான்சிஸ் விரிசலில் விரலை ஓட்டிக் காட்டினார். தான் செய்த பொருளால் ஒரு மனிதர் சாவதா? "எஞ்சின் வரட்டுங்க. ரெண்டையும் ஓட்டிக் காட்டிப்போடறேன். அப்புறம் முடிவு பண்ணுங்க."

பங்காரு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எஞ்சின் எதுக்குடா? மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை இதுல உக்கார வெச்சு ஊர்வலம் உடப்போறேன். தள்ளறதுக்கு மில்லுல ஆளா இல்லை?"

பிரான்சிஸ் சின்ன புரொப்பெல்லரைத் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அப்ப பெருசே மாட்டிக்குங்க. தள்ளுவண்டிக்கு அது போதுமுங்க."