வில்லனுக்கு ஒரு வசனம்

"கையை விடுடா பாவி! நான் கத்திடுவேன்!"

கீச்சுக்குரலில் கதறினான் அண்ணன். தலையில் போர்த்தியிருந்த அம்மாவின் பூப்போட்ட சால்வை நழுவி, அரும்பு மீசையில் வந்து தொங்கியது.

"கட்! கதாநாயகி மேடம், முதல்ல அந்த மீசையை மறைங்க" என்றாள் தங்கை.

அம்மாவின் பியூட்டி பார்லருக்கு இன்று வார விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சுழல் நாற்காலிதான் டைரக்டர் நாற்காலி. ஹேர் ட்ரையரைப் போட்டால் புயல். வில்லன், அண்ணனின் உயிர்த்தோழன் ஒட்டடை. உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து வகுப்பே வைத்த பெயர்.

"ஏண்டி, வேற வில்லனே கிடைக்கலையா உனக்கு?" துண்டுகளை மடித்தபடி கேட்டாள் அம்மா. "கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே இந்தப் பிள்ளை நாற்காலி மேல ஏறி நிப்பான்!"

"நானும் அதைத்தாம்மா சொல்றேன்" என்று ஒட்டிக்கொண்டான் ஒட்டடை. "எனக்கு மரம் வேஷம் கொடுங்க. ஆடாம அசையாம நிக்கறேன்."

"மரம் நிறைய இருக்கு. நீதான் வேணும்" என்றாள் தங்கை.

நாளை பள்ளியில் பெற்றோர் கூட்டம். தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு டாக்டரம்மாவை அழைக்கலாமா என்பது பற்றிப் பேச்சு. 'நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தக் கண்றாவியெல்லாம்?' என்று பாதிப் பேர் இப்போதே முகம் சுளித்தாயிற்று. தங்கைதான் தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குட்டி நாடகத்துக்கு அனுமதி வாங்கியிருந்தாள். அது எடுபடாவிட்டால் வகுப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"எனக்கு ஒரு சந்தேகம் டைரக்டர்" என்றான் அண்ணன், சால்வையை இழுத்துச் செருகியபடி. "நம்ம ஸ்கூல்ல இப்படி ஒருத்தன் இருக்கான்னா எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன். எல்லாம் நம்ம பசங்க."

"நம்பற மாதிரி நடிங்க. பிறந்தநாள் விழா. கீழே ஒரே பாட்டும் கூத்தும். தட்டு எடுக்க மாடி ரூமுக்கு அவ தனியாப் போறா. பின்னாடியே போய் இவன் கதவைச் சாத்தறான். வில்லன், சொல்லு... 'சும்மா விளையாட்டுக்குத்தானே!'"

"சும்மா விளையாட்டுக்குத்தானே."

"பஸ்ல டிக்கெட் கேக்கற மாதிரி இருக்கு. சிரிச்சுக்கிட்டே சொல்லு. அடுத்தது, 'நீதானே என்னைப் பார்த்துச் சிரிச்சே?'"

"நீதானே என்னைப் பார்த்துச் சிரிச்சே?"

"நான் எப்படா சிரிச்சேன்? நீ வாசப்படி தடுக்கி விழுந்தியே, அப்பவா?" என்று இமைகளைப் படபடவெனக் கொட்டினான் கதாநாயகி.

அம்மா மடித்த துண்டையெல்லாம் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"'வேண்டாம்னு சும்மா சொல்றே, எனக்குத் தெரியும்' சொல்லு."

"எங்கேருந்துடி பிடிக்கறே இதையெல்லாம்?" என்று வாயைப் பிளந்தான் அண்ணன். "நீ சீரியல்கூடப் பார்க்க மாட்டியே!"

"தானா வருது. நீ பேசாம நடி."

ஒட்டடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு பிடித்தது. வந்ததிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து அவன் வசனம் பேச, அம்மா கைதட்டினாள். "அட, நிஜமாவே பகீர்ங்குதே! பரிசு உனக்குத்தாண்டா!"

ஒட்டடைக்கு வாயெல்லாம் பல்.

"கடைசிக் காட்சி" என்றாள் தங்கை. "வெளியே யாரோ கதவைத் தட்டறாங்க. திறக்கறதுக்கு முன்னாடி அவ காதுல இவன் ஏதோ ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்டதும் அவ வாயே திறக்கக் கூடாது. அந்த வசனம் மட்டும் எனக்கு அமையவே மாட்டேங்குது."

"வெளியே சொன்னே, தவளையா மாத்திடுவேன்!" என்றான் அண்ணன்.

"வெளியே சொன்னே, ஒரு பக்கப் புருவத்தை மட்டும் எடுத்து விட்டுடுவேன்!" என்றாள் அம்மா.

சிரித்துச் சிரித்து அண்ணனுக்குப் புரையேறியது.

"வில்லனே சொல்லட்டும்" என்று நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள் தங்கை. "யோசிக்காதே. வாயில வர்றதை அப்படியே சொல்லு. அம்மா, தட்டு!"

துடைப்பக் கட்டையால் ஷட்டரைத் தடதடவென்று தட்டினாள் அம்மா. அம்மா பாராட்டிய மிதப்பில் ஒட்டடை குனிந்து, கதாநாயகியின் காதோரம் கச்சிதமாகக் கிசுகிசுத்தான்.

"வெளியே சொல்லிப் பாரேன். உங்க அண்ணன் என்னைத்தான் நம்புவான்."

"பின்றடா மச்சான்!" என்று துள்ளினான் அண்ணன். "அப்படியே முதுகு சில்லிட்டுப் போச்சு! ஆனா ஒண்ணுடா, இந்தக் கதையில அவளுக்கு அண்ணனே கிடையா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். ஷட்டர் தட்டும் சத்தமும் நின்றது.

"இப்ப சொல்லுண்ணா" என்றாள் தங்கை. "நீ யாரை நம்பறே?"