வளையல் சத்தம்

ரத்தம் எடுக்கும்போதும் செண்பகவல்லி வளையல்களைக் கழற்றவில்லை. உள்ளே இருக்கும் பிள்ளை இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வளரும், பிரசவம் வரை கழற்றாதே என்று வளைகாப்பில் சொல்லிச் சொல்லி அடுக்கியிருந்தார்கள்.

முடிவு வந்ததும் நர்ஸ் அவளைத் தனியறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

“ரத்தத்துல பால்வினை நோய்க் கிருமி இருக்கும்மா. பயப்படாத, ஊசி போட்டா பிள்ளையக் காப்பாத்திரலாம்.”

“மாசமான புதுசுல பாத்தப்ப ஒண்ணுமில்லன்னாங்களே சிஸ்டர்.”

நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் மருந்தை ஊசியில் ஏற்றினாள். “அதுக்கப்புறம் வந்துருக்கு. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா. அவருக்கும் பாக்கணும்.”

செண்பகவல்லி இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஊசி இறங்கியபோது ஒரு வளையல்கூடச் சத்தம் போடவில்லை. வராந்தாவில் கணவர்களோடு உட்கார்ந்திருந்த பெண்களைக் கடந்தபோதும் கைகளை அப்படியே வைத்திருந்தாள்.

பைக்குள் போன் அடித்தது. அவன்தான். அவள் தாய்வீடு வந்ததிலிருந்து தினமும் இந்நேரம் கூப்பிட்டு, பிள்ளைக்குக் கேட்கட்டும், வளையலைக் குலுக்கு என்பான்.

அவள் கைகளைப் பிரிக்கவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.