பசியை நான் சொல்றேன்

அறையிலிருந்து வெளியே வந்த டீச்சர், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பெஞ்சில் காத்திருந்த ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எப்படி இருக்கார்?"

"முகமே சரியில்லை சார். காலையில வந்தவங்க அழுது தீர்த்துட்டுப் போயிருக்காங்க."

"சாப்பிட்டாரா?"

"எங்கே? டிபன் பாக்ஸ் வச்சது வச்சபடி இருக்கு."

போஸ்ட்மாஸ்டர் உச்சுக் கொட்டினார். "போன வாரம் நான் வேற சும்மா இருக்காம என் கஷ்டத்தைச் சொல்லித் தொலைச்சேன். கேட்டுட்டுக் கண் கலங்கிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அவர்கிட்டப் போய் அதெல்லாம் சொல்வாங்களா? நல்லதா நாலு வார்த்தை சொல்லணும். நான் இப்ப நல்லா தூங்கறேன்னு சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிஞ்சுது."

"நிஜமாவே தூங்கறீங்களா?"

"அதை விடுங்க. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"தூக்கத்தை நீங்க சொல்லிட்டீங்க. பசியை நான் சொல்றேன்."

போஸ்ட்மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டு, ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மனநல டாக்டர், போஸ்ட்மாஸ்டரின் ஃபைலைப் பிரித்தார். "மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு. மனசு எப்படி இருக்கு சார்?"

"பிரமாதம் டாக்டர். பசி வயித்தைக் கிள்ளுது."

டாக்டரின் முகம் மலர்ந்தது. பேனாவை மூடிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். பாதியை மூடியில் எடுத்துவைத்து அவர் பக்கம் தள்ளினார்.

"அப்ப எனக்குக் கம்பெனி கொடுங்க. தனியா சாப்பிடப் பிடிக்கலை."

மூன்று நாளாக ஒரு வாய்கூட இறங்காத போஸ்ட்மாஸ்டர், டாக்டர் சாப்பிட வேண்டுமே என்பதற்காக முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.