செருப்பு அலமாரி மேல ஒரு சர்வர்

"மாமா, உங்க சர்வர் மண்டையைப் போட்டுடுச்சு!"

ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. போனில் மச்சினன். லீவு போட்டு அக்கா வீட்டுக்கு வந்திருப்பவன்.

"என்ன மாப்ள சொல்ற?"

"மெயில் போக மாட்டேங்குது. அவுட்பாக்ஸ்லயே குத்துக்கல் மாதிரி நிக்குது."

சாதாரண சர்வரா அது? 'நம்ம மெயில் நம்ம வீட்டுலதான் இருக்கணும்' என்று செருப்பு அலமாரி மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து அவரே அமைத்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் அதில்தான் மெயில் முகவரி. மனைவிக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது. சதா கொர்ரென்று சத்தம்!

"ஒரு தடவை நின்னாலும் நானே காயலான் கடையில போட்டுடறேன், போதுமா?" என்று போன வாரம்தான் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

"அப்படி என்ன அவசர மெயில்?"

"ராஜினாமா. மேனேஜர் போன்லயே காய்ச்சி எடுத்துட்டாரு. இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"டேய், உன் பொண்டாட்டிக்கு ஒன்பதாவது மாசம்! நாய் படாத பாடு பட்டுக் கிடைச்ச வேலைடா."

"மானம் முக்கியம் மாமா. வேற மெயில்ல அனுப்பலாம்னா, பழசையெல்லாம் மூடச் சொன்னதே நீங்கதான்!"

மச்சினன் வேலையை நினைத்து மனசு பதறியது. சர்வரை நினைத்து அதைவிடப் பதறியது. என்ன மனுஷனோ!

"அக்காகிட்ட குடு."

மனைவி வந்தாள்.

"பச்சை லைட் எரியுதா பாரு."

"எரியலையே."

"பட்டனை அழுத்து."

"அழுத்தியாச்சு. அசையக் காணோம்."

"ஒயரெல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் இருக்கு. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? இப்ப உங்க வேலையைப் பாருங்க."

பட்டென்று போனை வைத்துவிட்டாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், சர்வர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேளை மாமா, அது படுத்துச்சு! மேனேஜரே கூப்பிட்டாரு. தப்பு என்னுது இல்லையாம், பக்கத்து சீட்டு ஆளோடதாம். மன்னிப்பு கேட்டாரு. மெயிலை உடனே அழிச்சுட்டேன். போயிருந்தா என் கதி?"

"நல்லா இருடா" என்றார். நிஜமாகவே சந்தோஷம். ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே! பெரிய பையாக ஒன்றை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார்.

"பையை எதுக்கு எடுக்கறீங்க?" மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நின்னா தூக்கிப் போடறேன்னு சொன்னேன்ல. நின்னுடுச்சு. நீ ஜெயிச்சுட்ட."

அவள் தம்பி உள்ளே போய்விட்டானா என்று பார்த்துக்கொண்டாள். பையை வாங்கி மடித்து வைத்தாள்.

"அது எங்கங்க நின்னுச்சு? அவன் கத்திக்கிட்டே டைப் அடிச்ச வேகத்தைப் பார்த்து, நான்தான் ஒயரைப் புடுங்கிட்டேன்!"