கழுத்துக்குக் கீழே ஒரு நசுங்கல்

"சார், அந்தக் குடம் எங்கம்மாவோடதுங்க."

வாசலில் நின்ற பெண்ணின் கையில் கணவரின் நாவலைப் பார்த்ததுமே வைஜெயந்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்னொருத்தி வந்தாயிற்று.

"உள்ள வாம்மா. பேர் என்ன?" என்றார் தட்சணாமூர்த்தி.

"அமராவதிங்க. குப்பத்துலேருந்து வர்றேன். புக்க எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. கழுத்துக்குக் கீழ நசுங்கியிருக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அது எந்தம்பி அடிபம்புல போட்டு நசுக்கினதுங்க. எங்கம்மாவ அலை கொண்டுட்டுப் போயிடுச்சு. ஒரு போட்டோகூட மிஞ்சல. அந்தக் குடம் ஒண்ணுதான்..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மரக்காணம் உப்பளம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் தட்சணாமூர்த்தியின் முதல் நாவல் அது. 2006 தை மாதம் வெளிவந்தது. சுனாமிக்குப் பிறகு உப்புப் பாத்திகளில் ஒதுங்கிய பொருள்களை ஒருவன் பொறுக்கியெடுத்து, குப்பம் குப்பமாக நடந்து உரியவர்களிடம் சேர்க்கிறான். கடைசியில் ஒரு பித்தளைக் குடம் மிஞ்சுகிறது. அதில் வெட்டியிருந்த பேரை உப்பு அரித்துவிட்டது. சொந்தக்காரர் என்றாவது வருவார் என்று அதைப் பத்திரமாக வைத்துக் காத்திருக்கிறான். அத்தோடு கதை முடிகிறது.

சேலத்தில் ஒரு டீச்சர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பேங்க் மேனேஜர் ஒருவர் பஸ்ஸில் படித்து அழுது, இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டாராம். வெளியூர் வாசகர்கள் இப்படிக் கடிதம் போட்டார்கள். உள்ளூர் வாசகர்களுக்குக் கடிதம் போட்டுப் பழக்கமில்லை. நேரில் வந்து குடத்தைக் கேட்டார்கள்.

"குடம் கிளியனூர்ல என் தங்கச்சி வீட்டுல இருக்குதும்மா. வெள்ளிக்கிழமை வா, தர்றேன்," என்றார் தட்சணாமூர்த்தி. "ஆனா வெளிய சொல்லிக்காத. ஆளாளுக்கு என்னுதுன்னு வந்து நிப்பாங்க."

அமராவதி தெருவைத் தாண்டும்வரை வைஜெயந்தி பொறுத்திருந்தாள்.

"கூடப் பொறந்தவங்களே இல்லாத மனுஷனுக்குக் கிளியனூர்ல தங்கச்சி வீடு வேற."

"என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"இது கதைம்மா, அப்படி ஒரு குடமே கிடையாதுன்னு சொல்லுங்க."

"அந்த மூஞ்சியப் பார்த்துட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரலடி."

சித்திரையில் முதல் பெண் வந்தபோதும் இதையேதான் சொன்னார். உடனே திண்டிவனம் போய்ப் பழைய குடம் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அதோடு நின்றதா? இதுவரை ஆறு குடம் போய்விட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வாங்கிப்போனவர்களில் இரண்டு பேர் ஒரே குழாயடியில் சந்தித்தால் போதும், ஊரே சிரிக்கும். இருபது வருஷம் ஆசைப்பட்டு எழுதிய ஒரே புத்தகம். அதைப் பொய்யன் எழுதியது என்று நாலு பேர் சொல்லிவிட்டால் மனுஷன் அப்புறம் பேனாவையே தொடமாட்டார். வைஜெயந்திக்கு அதுதான் கவலை.

அவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மறுநாளே ஒரு பழைய குடத்தோடு வந்தார். கொல்லையில் உட்கார்ந்து, அதிலிருந்த யாருடைய பேரையோ அரத்தால் ராவினார். அம்மிக் குழவியை எடுத்துக் கழுத்துக்குக் கீழே ஒரே போடு போட்டார். உப்பளத் தண்ணீரில் ஊறப்போட்டதும் பச்சைக் களிம்பு ஏறியது.

"நாலாவது அத்தியாயத்துல எழுதின மாதிரியே இருக்குது பாரு," என்றார் பெருமையாக.

வெள்ளிக்கிழமை அமராவதி வந்தாள். குடத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நசுங்கின இடத்தை விரலால் தடவினாள். அவள் நெற்றி சுருங்கியது. வைஜெயந்தி மனசுக்குள் குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்துவைத்தாள்.

"இதேதாங்க சார்," என்றாள் அமராவதி தழுதழுத்து. "எங்கம்மாவே திரும்பி வந்த மாதிரி இருக்குது. நீங்க நல்லா இருக்கணும்."

தட்சணாமூர்த்தி எழுந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

போன உயிர் திரும்பி வந்த தெம்பில் வைஜெயந்தி தெருமுனை வரை கூடவே போனாள். அங்கே அமராவதி குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கமாட்டீங்களே? எங்கம்மா பித்தளைக் குடத்தைத் தொட்டதே இல்ல. எங்க வீட்டுல எல்லாம் பிளாஸ்டிக்தான்."

வைஜெயந்தி அவளையே பார்த்தாள். "அப்ப எதுக்கும்மா வந்த?"

"அலைக்கப்புறம் யார் யாரோ வந்து குடம், குண்டான், பாய் எல்லாம் குடுத்தாங்க. எல்லாத்துலயும் குடுத்தவங்க பேருதான் போட்டிருக்குது. எங்கம்மா பேர் போட்ட சாமான் ஒண்ணாவது வீட்டுல இருக்கட்டுமேன்னுதான் வந்தேன். இன்னிக்கே கடையில குடுத்து ஞானாம்பாள்னு வெட்டிடுவேன். எங்க தெருவுல ஏழு பேரும் அப்படித்தான்."

"ஏழு பேருக்கும் தெரியுமா?"

"தெரியாமயா? சார் அவ்ளோ பாடுபட்டுச் செய்யறாரு. அவர் மனசு நோவக் கூடாதுன்னு யாரும் காட்டிக்கிறதில்ல." அமராவதி குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வாரம் எங்க நாத்தனார் வருவாங்க. நசுக்கறப்ப கொஞ்சம் மெதுவா நசுக்கச் சொல்லுங்கக்கா. மலர்கொடி வீட்டுக் குடம் ஒழுவுது."